முடிந்தது என்று நான் பதிந்த பூட்டு

ஐயா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகவும் திருவல்லிக்கேணியில் அறை கிடைத்துவிட்டதாகவும் நீ போட்ட கார்டு இன்று காலை வந்தது. உன் அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பதிலுக்கு நானும் ஒரு கார்டில் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். முடியவில்லை. கிளம்புகிற அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்ன ஒரு பேச்சு பத்து நாளாக என் நெஞ்சில் கிடந்து காந்துகிறது. இந்தக் கடிதத்தை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் முழுக்க உன்மேல் இல்லை. யார்மேல் எவ்வளவு என்பது வாசித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். வேண்டுமானால் உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமும் இதைக் காட்டு. இனி இதில் மறைக்க ஒன்றுமில்லை.

உன் மாமா என்ன வேலை என்று கேட்டதற்கு நீ எவ்வளவு அழகாக விளக்கினாய். ஆலைகளில் ஒவ்வொரு மெஷினுக்கும் எப்போது எண்ணெய் போட வேண்டும், எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் போட்டு ஒர்க் ஆர்டர் அச்சடிக்கும், யார் செய்தார், எப்போது முடித்தார் என்பதை முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அது தப்பாகச் சொல்லிவிட்டால் என்று மாமா கேட்டார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மாமா. உள்ள போடுத ஆளுதான் தப்பு பண்ணுவான். அம்மா மில்லுலயே எவனோ ஒரு கிளார்க்கு பொய்யாப் போட்டுத்தான ஒருத்தன் கை போச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனது உனக்கு ஞாபகம் இருக்காது. அந்தக் கிளார்க் நான்தான்.

அப்போது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். மில்லில் ஒரு சின்னப் பிரச்சினை என்று மட்டும் உனக்கு எழுதினோம். அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து நீயாக ஒரு கிளார்க்கைச் செய்துகொண்டாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்று தெரியாமல் நீ இன்னும் பத்து ஆலைகளுக்குப் போய் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் சகிக்க முடியாது.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் நான் மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில். அந்தக் காலத்தில் ரிப்பேர் வேலைகளுக்கெல்லாம் ஒரே ஒரு தடித்த நோட்டு. ஹெட் பிட்டர் மாடசாமி அண்ணாச்சி அதில் எழுதுவார். கிரீஸ் படிந்த விரலால் எழுதிய அந்த எழுத்தை வாசித்து மாதக் கடைசியில் நான் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். நோட்டு இருந்த காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி மூன்று மாதப் பக்கங்கள் கூழாகிப்போயின. எந்த மெஷினுக்குக் கிரீஸ் வைத்தோம், எதற்கு வைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாமல், ஒரு பேரிங் காய்ந்து சூடேறிப் பஞ்சு பற்றிக்கொண்டது. அன்று நாங்கள் எல்லோரும் வாளியோடு ஓடினோம். அதனால்தான் எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றபோது மில்லிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்.

என்னைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். மாடி அறையில் குளிர்சாதனம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். மதுரையிலிருந்து வந்த ஓர் இளைஞன் இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். மெஷின் நம்பர், வேலை, செய்பவரின் நம்பர், நிலைமை. நிலைமை என்ற இடத்தில் இரண்டு எழுத்துகளில் ஒன்றைத்தான் போடலாம். பாக்கி என்றால் ஒன்று, முடிந்தது என்றால் இன்னொன்று. முதல் வருஷம் அது எவ்வளவு நன்மை செய்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். தினமும் காலையில் அச்சடித்த தாளோடு பிட்டர்கள் கிளம்புவார்கள். எண்ணெய் போட மறந்த மெஷின் என்று ஒன்றுகூட இல்லாமல் போனது. மாடசாமி அண்ணாச்சியே ஒருநாள் என் அறை வாசலில் நின்று, இந்தப் பெட்டி நம்மளவிட ஞாபகசாலியா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். கால் அழுக்கு என்று உள்ளே வரமாட்டார்.

இரண்டாம் வருஷம் ஒரு நட்சத்திரம் வந்தது. ஏழு நாளுக்கு மேல் முடியாமல் கிடக்கிற வேலைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும்படி அதை மாற்றினார்கள். நட்சத்திரம் விழுந்த பட்டியல் மாதாமாதம் தலைமை ஆபீசுக்குப் போகும். எங்கள் என்ஜினியர் வெளியூர்க்காரர், மரியாதையாகப் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அந்த நட்சத்திரத்தைக் கண்டால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். ஏன் முடியவில்லை என்று தலைமை ஆபீசில் ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை நட்சத்திரம் என்றுதான் கேட்பார்கள்.

புளோரூம் என்று ஒன்று உண்டு, பொதி பொதியாக வருகிற பஞ்சைப் பிரித்து அடிக்கிற இடம். இரும்புப் பற்கள் வைத்த பெரிய உருளை மூடிக்குள்ளே சுற்றும். சுவிட்சை நிறுத்தினாலும் உருளை உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது முழுக்க ஓயும்வரை மூடி திறக்காமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். லாக் என்பார்கள். அந்த வருஷம் சாரல் தொடங்கிய வாரத்தில் இரண்டாம் நம்பர் மெஷினின் லாக் முறிந்தது. சாரல் நாளில் நமக்குக் குளுகுளு என்று இருக்கும், பஞ்சுக்கு ஆகாது. ஈரக்காற்றில் அது உருளையைச் சுற்றிக்கொண்டு அடைக்கும். ஷிப்டுக்கு நாலைந்து தரம் மூடியைத் திறந்து கையால் எடுத்துவிட வேண்டும். லாக் மிகவும் தேவைப்படுகிற பருவம் அதுதான். மாடசாமி அண்ணாச்சி, லாக் வருகிறவரை மெஷினை ஓட்டக்கூடாது என்றார். என்ஜினியர், உற்பத்தி குறையும், ஜாக்கிரதையாக ஓட்டுங்கள் என்றார். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய லாக் வரவில்லை. ஏழாம் நாள் என்ஜினியர் என் அறைக்கு வந்தார்.

"அதை முடிஞ்சதுன்னு போட்டுருங்கம்மா. நாளைக்குக் காலையில புது நம்பர்ல திறந்துக்கலாம்."

சார், லாக் இன்னும் வரவில்லையே என்றேன். அதனால்தான் நாளைக்கே திறக்கச் சொல்கிறேன், வேலை எங்கேயும் போய்விடாது, நட்சத்திரம் மட்டும் விழாது என்றார். முடிந்தது என்று போட்டால் செய்தவரின் நம்பரையும் போட வேண்டும். மாடசாமி அண்ணாச்சியின் நம்பரைப் போட்டேன். நீ ஆறாம் வகுப்பில் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாயே, அன்று நான் உன் கன்னத்தில் அடித்தேன், விரல் பதிந்து இரண்டு நாள் இருந்தது. அப்படி அடித்த கைதான் இது. இன்னொருவரின் நம்பரை அவர் அறியாமல் போடும்போது ஒருமுறை தயங்கியது. இரண்டாவது தரம் தயங்கவில்லை. அந்த லாக்கை நாலு தரம் முடித்து நாலு தரம் திறந்தேன். அது மட்டுமல்ல, அந்த மாதம் அப்படி இன்னும் எத்தனையோ வேலைகள். எனக்கு அது வெறும் விரல் பழக்கமாகிவிட்டது.

ஐந்தாவது தரம்தான் பிசகியது. சீசன் சூடுபிடித்த நேரம். முதலாளி வீட்டார் விருந்தாளிகளோடு குற்றாலத்துக்கு வருகிறார்கள், அருவியில் குளித்துவிட்டு மில்லுக்கும் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பட்டியலில் ஒரு பாக்கிகூட இருக்கக் கூடாது என்று என்ஜினியர் சொன்னார். எல்லாவற்றையும் முடித்தேன். அவர்கள் போன பிறகு திறந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. பிட்டர்களை அந்த வாரம் ரிப்பேரிலிருந்து எடுத்து, வாசல் கேட்டுக்கும் குழாய்களுக்கும் பெயிண்ட் அடிக்க விட்டார்கள். முதலாளி வீட்டாரும் வந்தார்கள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமாக என் அறையில் நின்று, ஒரு பாக்கியும் இல்லாத திரையைப் பார்த்து, பேஷ் என்றார்கள். ஓர் அம்மாள் என் தோளைத் தட்டினாள். எனக்கு அன்று பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் வழக்கமான வேலையில் மூழ்கிவிட்டேன். மூடிய வேலைகளையெல்லாம் தேடித்தேடித் திறந்தேன். லாக்கை மட்டும் திறக்க மறந்தேன். திறக்காததால் காலைத் தாளில் அது வரவில்லை. தாளில் வராததால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை ஷிப்டில் கணபதி வந்தான். தங்கை கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் லீவில் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். இருபத்தாறு வயது. லாக் முறிந்தது அவனுக்குத் தெரியாது. பஞ்சு அடைத்தது, சுவிட்சை நிறுத்தினான், மூடியை இழுத்தான், திறந்தது. திறந்ததால் உருளை நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டான். நினைப்பதில் என்ன தப்பு? மூடி திறந்தால் உருளை நின்றுவிட்டது என்று அர்த்தம் கொள்ளத்தானே அந்தப் பூட்டே இருக்கிறது? வலது கையில் கட்டைவிரலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் மாடி ஜன்னல் வழியாக ஜீப் கிளம்புவதைப் பார்த்தேன்.

மில்லுக்குள்ளேயே ஒரு விசாரணை வைத்தார்கள். மேஜைமேல் நான் அச்சடித்துக் கொடுத்த தாள். கம்ப்யூட்டர் சொல்கிறது, லாக் மாற்றியாகிவிட்டது, மாற்றியவர் மாடசாமி. ஆகவே ஒன்று மாடசாமி செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் கணபதியே அவசரத்துக்குப் புது லாக்கை உடைத்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதுதான் அவர்களுடைய விசாரணை. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவுமில்லை. மாடசாமி அண்ணாச்சி எழுந்தார்.

"நான் மாத்தல. எனக்கு லாக்கே தரல. பொறவு எப்படி மாத்துவேன்? எங்கையெழுத்து எங்கன இருக்கு, காட்டுங்க. என் நம்பர யாரு போட்டா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேலை முடிந்ததாக அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தானே பதிந்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். சீட்டு என்று ஒன்றே இல்லை. என்ஜினியர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார்" என்றேன். இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மாடசாமி அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கணபதியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தவனை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினார்கள். வீட்டில் உன் அப்பாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்துவிட்டு வா என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார்.

ஐப்பசியில் லாக் வந்தது. கோயம்புத்தூர்ப் பார்சல். ஸ்டோர்காரர் வழக்கம்போல ஒரு துண்டுச்சீட்டு எழுதி எனக்கு அனுப்பினார், இரண்டாம் நம்பர் மெஷினுக்குப் புது லாக் பொருத்த ஆர்டர் போடும்படி. என்ஜினியர் அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதை லாக் என்று போட வேண்டாம், பொது வேலை என்று போட்டுவிடுங்கள் என்றார், அதே மரியாதையான குரலில். அதுவரை எனக்கு இருந்தது பயம். அந்த நிமிஷம் வந்ததுதான் கோபம். ஒருவன் கை போயிருக்கிறது, ஒருவர் வேலை போயிருக்கிறது, இந்த மனிதருக்கு அந்தப் பூட்டின் பெயரைக்கூட அழிக்க வேண்டும். அழிக்க என் விரல் வேண்டும்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டரிடம் வேறு ஒன்றைக் கேட்டேன். நட்சத்திரப் பட்டியலைத் தவிர அதில் இன்னொரு பட்டியலும் உண்டு. ஒரு மெஷினின் நம்பரைக் கொடுத்தால், அதற்கு ஆதியிலிருந்து போட்ட எல்லா ஆர்டர்களையும் தேதியோடு வரிசையாகத் தரும். மதுரை இளைஞன் சொல்லிக்கொடுத்திருந்தான், இரண்டு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. இரண்டாம் நம்பரைக் கொடுத்தேன். பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டு அடித்தது. அதே லாக், முடிந்தது. மறுநாள் அதே லாக், புது நம்பர். ஏழு நாளில் முடிந்தது. மறுநாள் மறுபடியும். ஐந்து தரம் முடிந்த ஒரே பூட்டு. அந்தப் பெட்டி எதையும் மறைத்திருக்கவில்லை ஐயா. அந்த அளவுக்கு நீ சொன்னது சரிதான். நாங்கள்தான் அதனிடம் எங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்டோம். ஸ்டோர்காரரின் சீட்டையும் தாளையும் மடித்துத் தூக்குச்சட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தன்னை வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்துத் திருநெல்வேலி லேபர் ஆபீசில் மாடசாமி அண்ணாச்சி போட்டிருந்த வழக்கு அடுத்த வாரம் வந்தது. லீவு போட்டுவிட்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், மில் தரப்பில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தாளையும் ஸ்டோர்காரரின் சீட்டையும் அதிகாரி மேஜையில் விரித்தேன். ஆனியில் புது லாக் போட்டாயிற்று என்றால் ஐப்பசியில் இன்னொன்று எதற்கு வந்தது என்று அவர் என்ஜினியரைக் கேட்டார். பிறகு இதை யார் பதிந்தது என்றார்.

"நாந்தான். அஞ்சு தரமும் நாந்தான். அண்ணாச்சிக்குத் தெரியாம அவரு நம்பரப் போட்டேன். சீட்டப் பாத்துப் போட்டேன்னு சொன்னதும் பொய்தான்."

முடிவு என்ன ஆனது தெரியுமா? அண்ணாச்சிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கணபதியின் கவனக்குறைவு என்று எழுதியதை அடித்தார்கள். ஆனால் விரல்? என்ஜினியரை வேறு மில்லுக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய மில். என்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து நூல் பெட்டி எண்ணுகிற இடத்தில் போட்டார்கள். என் இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தாள், நல்ல பெண். நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆளை மாற்றினார்கள், அதை மாற்றவில்லை. அந்தப் பெண்ணிடமும் ஏழாம் நாள் யாராவது மரியாதையாக வந்து நிற்பார்கள், எனக்குத் தெரியும். அண்ணாச்சி திரும்பி வந்த அன்று என்னிடம், "கடைசில சொன்னிய, சரி" என்றார். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர ஒரு பேச்சும் இல்லை.

உள்ளே போடுகிற ஆள்தான் தப்பு பண்ணுவான் என்றாயே, அந்த ஆளுக்கு முன்னால் நட்சத்திரத்தை வைத்தது யார்? ஒரு வேலை ஏன் முடியவில்லை என்று எழுத அதில் ஓர் இடம்கூட இல்லை. முடிந்தது, பாக்கி, இரண்டே இரண்டு. லாக் வரவில்லை, மெஷினை நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை என்று மாடசாமி அண்ணாச்சி எங்கே எழுதுவார்? செய்தவர் கையால் போடாமல் மாடியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி அவர் பெயரைப் போடலாம் என்று விட்டது யார்? அதையெல்லாம் எழுதினவனும் உன்னைப்போல நன்றாகப் படித்த பிள்ளையாகத்தான் இருப்பான். நீ செய்வதில் அந்த இடத்தை வை. செய்தவரே போடும்படி செய். உன் மேலதிகாரி வேண்டாம் என்றால் ஏன் என்று கேள். என்னைப்போல இரண்டு வார்த்தையில் ஆமாம் சொல்லாதே.

இதை எழுதி மடித்து மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதிகாரியிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டியவனிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. லேபர் ஆபீசுக்குக் கணபதி வரவில்லை, தீர்ப்புக் காகிதத்தில் ஆபீஸ் ஊழியர் என்று மட்டும்தான் இருந்தது. இன்று காலை பாவூர்சத்திரத்துக்குப் போனேன். மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் இருக்கிறான். தக்காளிக் கூடைகள் எடை ஆக ஆக இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து நேராகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் ஸ்டூல் எடுத்துப் போட்டு டீ சொன்னான். எல்லாவற்றையும் சொன்னேன், திறக்க மறந்ததையும் சேர்த்து. ஒரு வண்டிச் சரக்கை எழுதி முடித்துவிட்டுச் சொன்னான்.

"நீங்கதான்னு தெரியும்க்கா. அந்த ரூம்ல வேற யாரு இருந்தா? அந்த என்ஜினியரு போடச் சொன்னாரு, நீங்க போட்டிய. மறந்தும் போச்சு. அதெல்லாம் சரி. ஒண்ணுதான் எனக்கு ஆறல. நான் லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல உங்களப் பாத்துக் கும்புட்டேன். தங்கச்சி கல்யாணம் நல்லா நடந்துச்சான்னு கேட்டிய. லாக் மாத்தலடே, கைய வைக்காதன்னு அதோட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

யாரோ கூப்பிட்டார்கள், அவன் எழுந்து போனான். டீயைக் குடித்து முடித்துவிட்டு நான் பஸ் ஏறினேன். அவன் கும்பிட்டதோ நான் கேட்டதோ எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், இப்போதும் வரவில்லை. தபால் பெட்டி எடுக்கிற நேரமாகிவிட்டது, இதைப் போட்டுவிட்டு வருகிறேன்.

அம்மா